பணிநீக்கம்: 1

1

இந்தக் கதை ஒரு பொய் எண்ணிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு பெரிய தொழில்நுட்பக் கம்பெனியின் காலாண்டு முடிவு அறிக்கையை எழுதித் தருவது என் வேலை. கணக்கு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே வாக்கியங்கள் தயாராகிவிடும். "மகிழ்ச்சி அடைகிறோம்" என்பதுகூட முன்கூட்டியே எழுதியதுதான். எண் வரவேண்டிய இடத்தில் சும்மா ஓர் எண்ணைப் போட்டு வைப்போம். உண்மையானது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

போன வருடம் விற்பனை உயர்வுக்குக் கைக்கு வந்ததைப் போட்டேன்: 17.3 சதவீதம். மூன்று வாரம் கழித்து வந்த உண்மை எண்ணும் 17.3. அடுத்த காலாண்டில் லாபம் அப்படியே வந்தது. அதற்கடுத்து நஷ்டமும். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

2

(இந்தப் பகுதியை "மழை பெய்துகொண்டிருந்தது" என்று தொடங்கி அடித்துவிட்டேன். எங்கள் ஆபீசில் ஜன்னலே திறக்காது, மழையை யார் கண்டது?)

கணக்குத் துறைத் தலைவரைத் தசமம்* என்போம். அவர் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"யாரும்மா உனக்கு முன்னாடியே சொல்றது?"

யாரும் சொல்லவில்லை என்றேன். நம்பிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வோர் எண்ணையும் யோசித்துத்தான் போட்டேன்.

* புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

3

இந்தக் காலாண்டில் புதிதாக ஒரு வரி: பணிநீக்கம் ____ பேர்.

இரண்டு மாடி கீழே என் தங்கை வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எல்லாம் கம்பெனி இன்சூரன்ஸில். வேலை போனால் அதுவும் போச்சு. (முதல் பிரதியில் எனக்குத் தங்கையே கிடையாது. கதை சப்பென்று இருக்கிறதே என்று சேர்த்தேன். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு என் மாடிக்கு வர ஆரம்பித்துவிட்டாள்.)

பூஜ்யம் போட்டேன். தசமம் ஒத்துக்கொள்ளவில்லை, பூஜ்யமென்றால் அந்த வரி எதற்கு என்று மேலிடம் கேட்குமாம். சரி, நாற்பதாயிரம் பேரில் ஆகக் குறைந்த பாவத்தைச் செய்வோம் என்று 1 போட்டேன். ஃபைலைப் பூட்டிவிட்டார்கள். நாளை மாலை நாலு மணிக்கு அறிவிப்பு.

4

நாற்பதாயிரம் என்று எழுதினேனே தவிர, இந்தக் கதையில் அங்கே வேலை பார்ப்பவர்களை எண்ணிப் பாருங்கள். நான், தசமம், தங்கை. மூன்றே பேர்.

அவசரமாக நான்காவது ஆளைக் கொண்டுவரப் பார்த்தேன். "வரவேற்பு மேஜையில் புதிதாகச் சேர்ந்த பெண், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு…" கை ஓடவில்லை. காவு கொடுக்கவென்றே ஒருத்தியைப் படைப்பதா? சீ.

முடிவு அ: தசமம் போகிறார். சுலபம்தான். ஆனால் தங்கை வீட்டுக்காரரின் தாளை இன்சூரன்ஸ்காரர்கள் நிராகரித்தபோது, மூன்று முறை மேலே அலைந்து வாங்கிக் கொடுத்தவர் அவர்.

முடிவு ஆ: நான் போகிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. "நான்" என்று எழுதி நாலு தடவை அழித்தேன். பயம்தான், வேறென்ன.

முடிவு இ: தங்கை

5

எழுத மாட்டேன். கதையை இங்கேயே நிறுத்துகிறேன். நான் எழுதினால்தானே நாளை நாலு மணி வரும்? வராமலே போகட்டும். யாரும் எங்கேயும் போகவேண்டாம்.

தங்கை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"அக்கா, நாளைக்கு வரலைன்னா," என்றாள் மெதுவாக, "அவருக்கு நாளைக்குத்தானே டயாலிசிஸ்?"

பேனாவை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. நீங்களாவது வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், காலையிலிருந்து அவருக்குக் கால் வீங்கிக்கொண்டே இருக்கிறதாம்.