எல்லாரும் பல் டாக்டர் வீட்டில்

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து விடாத தூறல். துணி காய வழியில்லாமல் ஊரே, அண்ணியாரின் நாத்தனார் நடத்தும் சலவைக் கடையை நாடியது.

அண்ணியாருக்கு அது பெருமைக்குரிய நாள். நாற்பத்தாறு வயதில் பெர்ல் என்னும் கணினி நிரல்மொழி கற்று, அக்கடையின் இணையதளத்தில் தனியாகச் செய்த முதல் திருத்தத்தை அன்று காலைதான் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். முன்பெல்லாம் வாடிக்கையாளர் அனுப்பும் வேண்டுகோளை, விலை போடும் பகுதி, சீட்டு அச்சிடும் பகுதி, குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி என ஒவ்வொன்றும் முதலிலிருந்து படிக்கும். ஆமை வேகம். ஒருமுறை படித்துப் பொதுவிடத்தில் வைத்தால் எல்லாப் பகுதிகளும் எடுத்துக்கொள்ளலாமே என்று எண்ணினார், எண்ணியவாறே செய்தார். தளம் சிட்டாய்ப் பறந்தது.

நான்கரை மணிக்கு நாத்தனார் சீட்டுச் சுருளோடு பின்னறைக்கு வந்தார்.

"அண்ணி, ஊர்ல எல்லாரும் பல் டாக்டர் வீட்டுக்கே குடி போயிட்டாங்களா?"

எல்லாச் சீட்டுகளிலும் பல் மருத்துவரின் பெயரும் முகவரியுமே இருந்தன. சீட்டைப் பார்த்து வீடுவீடாகப் போகும் கடை வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும்.

"சோதிச்சுப் பாத்தேன்னு சொன்னீங்களே."

"திரும்பத் திரும்பப் பாத்தேன்மா. ஒவ்வொரு தடவையும் சரியா என் பேருதான் வந்துச்சு."

"யார் பேரைப் போட்டீங்க?"

"என் பேருதான்."

சொன்னவுடன் அண்ணியாருக்குப் பொறி தட்டியது. வாடிக்கையாளர் போனபின் நிரல் உறங்குவதில்லை. நாள் முழுவதும் விழித்திருக்கும். 'இருந்தால் மீண்டும் படிக்காதே' என்ற அவருடைய வரிக்கு அது அப்படியே கீழ்ப்படிந்தது. காலையில் முதலில் வந்த மருத்துவரின் வேண்டுகோள் பொதுவிடத்தில் கால்மேல் கால் போட்டு அமர்ந்துவிட்டது.

"பேசாம பழையபடியே மாத்திடுங்க அண்ணி. அண்ணன்கிட்ட சொல்லமாட்டேன்."

"அது போதாது, அச்சான சீட்டெல்லாம் தப்பாவே இருக்கும். கொஞ்ச நேரம் குடு."

நல்லவேளையாக, வேண்டுகோள்கள் யாவும் வந்தபடியே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திருத்திய நிரலில் மறுபடி ஓட்டினால் போதும். ஒவ்வொன்றும் முடிந்தவுடன் பொதுவிடத்தைத் துடைக்கும் ஒரே ஒரு வரியை அண்ணியார் எழுதினார். சோதிக்கத் தம் பெயரைத் தட்டப் போன விரல் அந்தரத்தில் நின்றது. விசைப்பலகையை நாத்தனார் பக்கம் தள்ளினார்.

"முதல்ல உன் பேரு. பின்னாலயே நான்."

"துணி என்னன்னு போட?"

"உங்க அண்ணனோட கோட்டு."

"அதைத் துவைச்சா கோட்டே மிஞ்சாது."

இருவரும் சிரித்தபடி அச்சுப்பொறியின்மீது குனிந்தனர். முதல் சீட்டு நாத்தனாருடையது. வெளியே ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். இரண்டாம் சீட்டு நாக்கைப்போல் மெல்ல வெளியே நீண்டது. அதன் நுனியில் அண்ணியார் பெயரின் முதல் எழுத்து. மணி நான்கு ஐம்பத்திரண்டு.