காலர் முனை

காலை டீ முடிந்து மிஷின்கள் மறுபடி இரையத் தொடங்கிய நேரத்தில், மேனேஜர் ஒரு கூட்டம் பெண்களைத் தையல் கூடத்துக்குள் அழைத்து வந்தார். எல்லோர் கழுத்திலும் புது அட்டை. கூடத்தின் நீளத்தைப் பார்த்து ஒருத்தி வாயைப் பிளந்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் விலாவில் இடித்தாள். சட்டைக் காலர் தைக்கும் லைனின் முகப்பில் நின்றிருந்த, அந்த லைனில் எல்லோருக்கும் மூத்தவளான லைன் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதன்முதலாக இங்கே நுழைந்த நாளில் அவளும் அப்படித்தான் நின்றாள்.

"பயிற்சிக்கு வந்திருக்காங்க," என்றார் மேனேஜர். "நம்ம முதலாளி இவங்க நாட்டுல புது பேக்டரி கட்டுறாரு. உங்கள மாதிரி காலர் யாருக்கு வரும்? கையோட கத்துக் குடுத்துடுங்க."

"அப்ப இங்க, சார்?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க கூலி ஏறிப்போச்சும்மா. உங்க ஒருத்தர் சம்பளத்துக்கு அங்க மூணு பேர் வராங்க. மிஷினும் அங்கதான் போகுது. கவலப்படாதீங்க, இந்தக் கட்டடத்துக்குப் பெரிய ஆபீஸ் வருது. எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. ஊருக்கு நல்ல காலம்தான்."

ஊசி போடும் டாக்டர் 'வலிக்காது' என்று சொல்கிற மாதிரி இருந்தது அது.

ஊருக்கு ஒரு ஆபீஸ் வரப்போகிற சேதி லைன் அக்காவுக்குப் புதிதல்ல. அவள் மகளையே அதில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். கட்டடம் காலியானதும் சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எந்தக் கட்டடம் என்று மட்டும் மகள் சொல்லவில்லை; அது இதுதான் என்று இப்போதுதான் தெரிந்தது. தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்தே சொல்லவில்லையா என்று கேட்கவும் வாய் வரவில்லை. மகளுக்கு நல்லது நடந்தால் தாய்க்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இரண்டில் எதை முதலில் நினைப்பது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பெண்களை வேனில் கொண்டுவந்து விடுகிற வேலை அவள் கணவனுக்கு வாய்த்தது. சாப்பிடும்போது அவன் சொன்னான்: "வழி முழுக்கப் பாட்டுதான். ஒரு வார்த்த புரியல. ஆனா நல்லாருந்துச்சு."

"உனக்கென்ன, யார ஏத்தினாலும் வண்டி ஓடும்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அந்தத் தொழிற்சாலை நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவன் அப்பாவின் காய்கறித் தோட்டம் இருந்தது. "கத்திரிச் செடிய மண்ணோட வாரித் தள்ளினப்ப நான் ஒரு வாரம் சோறு திங்கல. அந்த பேக்டரி வரலன்னா உன்ன எங்க பாத்திருப்பேன்? அதனால அது நல்லதா கெட்டதான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல. நீ என்னக் கேட்டா நான் என்ன சொல்ல?"

அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

வந்த பெண்களில் வாய் பிளந்தவள்தான் லைன் அக்காவின் பக்கத்து மிஷினுக்கு வந்தாள். மொழி தெரியாததால் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஊசி உடைந்தாலும் சிரிப்பு, திட்டினாலும் சிரிப்பு. லைனில் அவளுக்குச் 'சிரிப்பு' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைப் பசேலென்று கீரைப் பாத்திகள். அதன் நடுவே கம்பு நட்டு, சிவப்புக் கயிறு கட்டி அளந்திருந்தார்கள். போனிடம் அவள் என்னமோ சொன்னாள். போன் அதைச் செய்தி வாசிக்கிற குரலில் தமிழாக்கியது: "இது எங்கள் நிலம். இங்கே தொழிற்சாலை வரும். அக்கா, அது நல்லதா?"

லைன் அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதுதான். கூரை ஒழுகின வீட்டுக்குத் தளம் போட்டது இந்தக் காலர்தான். மாமியாரின் கண் ஆபரேஷன், மகளின் படிப்பு, எல்லாம் இதில் வந்ததுதான். கெட்டதும்தான். முதுகுத்தண்டு வளைந்துபோனது, மகள் நடை பழகியதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டது. நல்லதென்றால் அது போகும்போது ஏன் இப்படி வலிக்கிறது? கெட்டதென்றால் அதைப் போகவிடாமல் ஏன் மனசு பிடித்து இழுக்கிறது? இதையெல்லாம் ஒரு போனுக்குள் எப்படிச் சொல்வது? கடைசியில் அவள் சிரித்து வைத்தாள். சிரிப்பும் சிரித்தாள்.

அன்று மாலை கழிப்பறை வாசலில் லைன் பெண்கள் அவளை மறித்தார்கள். பேசியவள் சட்டைக் கை தைக்கிற லைனில் இருக்கும் தோழி, லைன் அக்காவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவள். "அவங்க தேறினாத்தான மிஷின் கப்பல் ஏறும்? எல்லாத்தையும் அள்ளிக் குடுக்காத. முனை திருப்புறத மட்டும் மறைச்சு வை. நம்ம தலையில நாமளே மண்ணப் போட்டுக்கணுமா?"

காலரின் முனை கூராக வர ஒரு வழி உண்டு. மூலையைத் தைக்கும்போது உள்ளே ஒரு நூலை விட்டுவைத்து, நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பும்போது அதைப் பிடித்து இழுக்க வேண்டும். முனை தானே எட்டிப் பார்க்கும். லைன் அக்கா அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். மறுநாளும் அப்படியே.

சிரிப்பின் காலர்கள் மொண்ணை மொண்ணையாக வந்தன. அவள் ஒரு சிறு கத்தரிக்கோலை உள்ளே விட்டு முனையைக் குத்திக் குத்தித் தள்ளினாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, துணி கிழிந்து கத்தரி வழுக்கி அவள் உள்ளங்கையில் இறங்கியது. வெள்ளைக் காலர் முழுக்கச் சிவப்பு. அப்போதும் அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு மட்டும் கோணிக்கொண்டது.

லைன் அக்கா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தபடியே மருந்து அறைக்கு ஓடினாள். தையல் போடும்வரை விடவில்லை. வெளியே வந்ததும் சிரிப்பு, காயம்படாத கையால் போனை எடுத்து எதையோ சொன்னாள். போன் நிதானமாக வாசித்தது: "நீங்கள் மிகவும் நல்லவர்."

லைன் அக்காவுக்கு அந்தப் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

மறுநாள் அவள் எல்லோரையும் மிஷினைச் சுற்றி நிற்கவைத்து நூல் விட்டுக் காட்டினாள். முனை எட்டிப் பார்த்தபோது அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். தோழி எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் லைன் அக்காவோடு ஒரே மேசையில் சாப்பிட உட்காரவே இல்லை.

மேனேஜர் கூப்பிட்டுப் பாராட்டினார். "நினைச்சதவிட சீக்கிரம் தேறிட்டாங்க. நீங்களும் அங்க வாங்களேன். கொஞ்ச மாசம் கூட இருந்து ஓட்டிக் குடுங்க. சம்பளம் கூடத்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் சொன்னபோது மகள் துள்ளினாள். "போம்மா! நீ விமானமே ஏறினதில்ல."

"உங்க ஆபீஸ் எந்தக் கட்டடத்துல வருது?"

மகளின் முகம் சுருங்கியது. "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்மா." அருகில் வந்து, "நான் போகவேணாமா?" என்றாள்.

"போகாம? இதுக்குத்தான படிக்க வச்சேன்," என்றாள் அவள். சத்தியமாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு அடுப்படிக்குள் போய், எதற்காக வந்தோம் என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

மிஷின்கள் பெட்டிகளுக்குள் போயின. சிரிப்பு வேனில் ஏறும்போது கட்டுப் போட்ட கையைக் கண்ணாடியில் வைத்து ஆட்டினாள். லைன் அக்கா மேனேஜரிடம் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. அவர் இரண்டு தடவை போன் செய்தும், "யோசிக்கிறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆபீஸ் திறப்பதற்கு முன் ஒருநாள், வேலை நடப்பதைக் காட்ட மகள் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தின் ஒரு பாதியில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்திருந்தார்கள். மறுபாதியில் வெறும் சிமெண்டுத் தரை; மிஷின் கால்களை முடுக்கியிருந்த துளைகள் மட்டும் வரிசை வரிசையாக. சத்தமே இல்லாத அந்தக் கூடம் அவளுக்கு யாருடையதோ போலிருந்தது.

"உன் இடம் எதும்மா?" என்றாள் மகள். "அங்கயே எனக்கு மேசை கேக்குறேன்."

"இதோ," என்று நடந்துபோய் ஓரிடத்தில் நின்றாள். குனிந்து தரையைப் பார்த்தாள். இல்லை, தூண் இடப்பக்கம் வர வேண்டும். இரண்டடி தள்ளி நின்றாள். ஜன்னல் வெளிச்சம் இப்படி முகத்தில் அடித்ததாக நினைவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் போனாள். கம்பளம் விரிக்கிறவர்கள் சுருளைத் தள்ளிக்கொண்டே அவள் காலடிவரை வந்து, நகரட்டும் என்று நின்றார்கள். "கொஞ்சம் இருங்கப்பா," என்றாள் அவள், கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல்.