முந்நூறாவது படிகம்

பிரேசிலின் காம்பினாஸ் நகர ஆய்வகத்தில் ஜுரேமா புது மருந்து தேடி, காசநோய்க் கிருமியின் நொதியைப் படிகமாக்கி, ஒவ்வொரு படிகத்திலும் வெவ்வேறு சிறு மூலக்கூறை ஊறவைத்து எக்ஸ்ரே கதிரில் பார்த்தாள். நொதியில் ஒட்டும் மூலக்கூறிலிருந்துதான் மருந்தை உருவாக்க முடியும்; எதுவும் ஒட்டாவிட்டால் இன்றோடு திட்டத்தை மூடிவிடுவார்கள். கடைசியான முந்நூறாவது படிகத்தில், நொதியின் பள்ளத்துக்குள் ஏதோ தெரிந்தது.

"ஒட்டிக்கிச்சுடா வால்டிர்!"

கூட வேலை பார்க்கும் வால்டிர் திரையை உற்றுப் பார்த்தான். "ரொம்ப ஆடாத தாயி. மூலக்கூறே போடாத படிகத்தைப் பார்த்தியா?"

பார்த்தாள். அதிலும் அதே உருவம். உறையவைக்கும்போது படிகம் வெடிக்காமலிருக்க அவளே இன்று முதன்முறையாக இவ்விரண்டிலும் ஊற்றிய கிளிசரின்தான் அது.

"யாருக்குத் தெரியப்போகுது? ஒட்டுச்சுன்னே எழுதிடவா?"

"எழுது. எவனாவது இதை நம்பிப் பத்து வருஷம் மருந்து தேடுவான். அதுவரைக்கும் ஜனங்க இருமியே சாகட்டும்."

முந்நூறிலும் ஒன்றும் ஒட்டவில்லை என்று அறிக்கையில் எழுதினாள்.