முதுகில் ஒரு துளை

என் வீட்டுக்காரர் தாமஜி, சூரத்தில் வைரப் பட்டறையில் லேசர் இயந்திரம் ஓட்டுகிறவர். கல் என்றால் அவருக்குத்தான் தெரியுமாம். இடது சிறுநீரகத்தில் கல் வந்தபோது இந்த நினைப்புதான் எங்களைக் கெடுத்தது.

மூன்று சென்டிமீட்டருக்கு மேல், இஞ்சி மாதிரிக் கிளைவிட்டுக் கிடந்தது. தர்ம ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைக்க முடியாத அளவு. சிறுநீர்ப் பாதை வழியாக லேசர் விடலாம், ஆனால் இரண்டு மூன்று தடவை ஆகும், துணுக்குகள் வழியில் அடைக்கலாம். முதுகில் சின்னத் துளை போட்டு எடுத்தால் பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும். ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம்.

துளை என்றதும் இவர் முகம் வெளுத்தது. வராச்சா சாலையில் புது ஆஸ்பத்திரி ஒன்று, 'தழும்பே இல்லாத லேசர்' என்று பலகை வைத்திருந்தது. கால் தானாக அங்கே போனது.

"வைரத்தையே வகுந்துடுது லேசர். இந்தச் சுண்ணாம்புக் கட்டி எம்மாத்திரம்?" என்று என்னிடம் பெருமை வேறு. பட்டறையில் தூளைக் கூட்டி அள்ள ஆள் இருக்கிறது, வயிற்றுக்குள் யார் இருக்கிறார்கள்? கேட்டேன். சிரித்தார்.

அங்கிருந்த டாக்டர் வசாணி, தேவைப்பட்டால் இன்னொரு தடவை என்று போகிறபோக்கில் சொன்னதோடு சரி. இரண்டாவது தடவைக்குப் பிறகும் பாதிக் கல் உள்ளேயே இருந்தது. சிறுநீர் இறங்குவதற்காக உள்ளே வைத்திருந்த குழாயை எடுத்த மறுவாரம் துணுக்குகள் வரிசைகட்டிப் பாதையை அடைத்தன. குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. மறுபடி அங்கேயே சேர்த்தேன்.

ஏன் முழுசாகச் சொல்லவில்லை என்று வசாணியிடம் கேட்டேன்.

"அவரேதான் லேசர் வேணும்னு வந்தாரு, பெஹன்ஜி. நான் மாட்டேன்னா பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடந்தவரிடம் திரும்பினேன்.

"வியாபாரி வந்து கல்லைத் தப்பான பக்கம் வெட்டச் சொன்னா வெட்டுவீங்களா?"

குளிரில் பல் தந்தியடிக்கச் சொன்னார்: "சிதறிடும்னு சொல்லுவேன். சொல்லாம வெட்டினா பட்டறையில கால் வைக்க முடியுமா?"

வசாணி பக்கம் திரும்பினேன். "வைரத்துக்கு இருக்கற மரியாதை மனுஷன் கிட்னிக்குக் கிடையாதா, டாக்டர் சாகேப்?"

வசாணி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே தர்ம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் அடைபட்ட சிறுநீரகத்தில் கட்டியிருந்த சீழை வடித்தார்கள். காய்ச்சல் இறங்கியபிறகு முதுகில் துளை போட்டு, மிச்சக் கல்லை ஒரே மூச்சில் எடுத்தார்கள். அந்தச் சிறுநீரகம் என்னவோ கால்வாசிதான் இனி வேலை செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கண்ணாடி வைத்துத் தழும்பைப் பார்த்தார். கொண்டைக்கடலை அளவு.

"இவ்வளவுதானா?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

எங்கள் தெருவில் கிட்னிக் கல் எடுத்தவர்கள் அதைச் சீசாவில் போட்டு டிவி பக்கத்தில் வைப்பார்கள். எங்கள் சீசா அங்கே இல்லை. தினமும் அதை எடுத்துக்கொண்டு அந்த லேசர் ஆஸ்பத்திரிப் பலகைக்குக் கீழே போய் உட்காருகிறேன். காவலாளி விரட்டினால் எதிர்ப்பக்கம் நின்றுகொள்கிறேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நிறுத்திக் கேட்கிறேன்: "உங்க கல்லு எவ்வளவு பெருசுன்னு சொன்னாங்களா?"