கை கழுவிய தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு மருந்துத் தாளிலிருந்து பிறந்தது. எழுதி எழுதி மணிக்கட்டு வீங்கியதால் வலிக் களிம்பு வாங்கினேன். ‘தடவிய பின் கைகளை நன்றாகக் கழுவவும்’ என்று தாளில் இருந்தது. கழுவினேன். கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று தாள் சொல்லவில்லை. சாக்கடைத் துளையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலையற்ற பயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘பரிசோதனைக்கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே மழை இருண்டு...’

(வேண்டாம். பயம் வரவேண்டுமென்றால் உடனே மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.)

இரண்டாவது: அவள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதித்தவள், வீட்டுக் கிணற்றை மட்டும் சோதித்ததில்லை. நாத்தனார் ஆறு மாதக் கர்ப்பிணியாக அவளோடும் கணவனோடும்தான் இருக்கிறாள். தினமும் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீர். சும்மா ஒரு நமைச்சலில் ஒரு பாட்டில் எடுத்துப் போய் இயந்திரத்தில் ஏற்றினாள்.

திரையில் கோடு எழும்பியது. டைக்ளோஃபெனாக். வலி மருந்து.

ஒவ்வொரு முறையும் கூடவே சுத்தமான தண்ணீர் ஒன்றையும் ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் எதுவும் இருக்கக் கூடாது. அதிலும் கோடு எழும்பியது.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. குடுவைகளைக் குலுக்கிக் குலுக்கி அவளுக்கும் மணிக்கட்டு வலி. காலையில் அதே மருந்துள்ள களிம்பைத் தடவிய கையோடுதான் கையுறையை எடுத்து மாட்டினாள். கிணற்றின் மேல் பழி போட்டோமே, மருந்து நம் கையில் அல்லவா இருந்திருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

3

இங்கேயே முடித்திருந்தால் நல்ல வேடிக்கைக் கதை. என் பயம் விடவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் வழக்கம்போல் கிணற்றடிக் கல்லில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டவள், பாதியில் நின்றுவிட்டாள். தினமும் இங்கேதான் கழுவுகிறாள். களிம்பில் தோலுக்குள் இறங்குவது கொஞ்சம். மிச்சமெல்லாம் நுரையோடு இந்த மண்ணுக்குத்தான் போகிறது.

(மண்ணைக் குறை சொல்லக் கூடாது. பாராசிட்டமாலைக் கொடுத்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பெரும்பாலும் சில நாளில் தின்று தீர்த்துவிடும். காற்றோட்டம் இருந்தால் ஐபுபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தையும். டைக்ளோஃபெனாக் பிடிவாதக்காரன். அவனை உடைப்பது வெயில். வெயில் படாத நீரில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவான்.)

அவள் கிணற்றைப் பார்த்தாள். தகர மூடி. வெயிலுக்கு ஓர் ஊசிமுனை இடமில்லை. “பிள்ளை நாளைக்குத் தவழும், எட்டிப் பார்க்கும்” என்று கணவனை நச்சரித்து அதைப் போடவைத்தவள் அவளேதான்.



4

‘அவள் பயப்படவில்லை, ஏனென்றால்...’

(இந்த வாக்கியத்தைத் தொடர முடியவில்லை; அப்படியே கிடக்கட்டும். அளவு தெரிந்தவள் அவள். வருடக்கணக்கில் குடித்தாலும் ஒரு மாத்திரை அளவு சேராது. அப்படியானால் இந்தப் பயம் அவளுடையதா, என் கையிலிருந்து அவள் மேல் ஒட்டியதா? ஆனால் இதே மருந்து போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அது நான் கட்டிய கதையில்லை. அளவு வேறு என்பாள் அவள். கருவில் இருப்பதற்கு எது அளவு? அளந்து பிழைப்பவளுக்கு, யாரும் அளக்காத ஒன்றைவிடப் பெரிய பயம் ஏது?)

5

நாத்தனார் சொம்போடு வந்தாள்.

“என்ன அண்ணி, சோப்பும் கையுமா சிலை மாதிரி நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல. அந்தத் தண்ணிய கீழ வச்சிடு.”

“ஏன், எலி கிலி விழுந்துருச்சா?”

“உங்கண்ணன கேன் தண்ணி வாங்கிட்டு வரச் சொல்றேன். இனிமே அதயே குடி.”

நாத்தனார் சொம்பைக் கல்மேல் வைத்தாள். முகத்தில் கேலி போய்விட்டது.

“இனிமே சரி அண்ணி. இதுவரைக்கும் குடிச்சது?”

அவள் கை நுரையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். “சோதிச்சிட்டுச் சொல்றேன்” என்றாள்.

“பொய் சொல்ல மாட்டீங்கல்ல?”

6

மறுநாள் அவள் களிம்பு தடவவில்லை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். நாத்தனாரையே இறைக்கச் சொல்லி, அவளே மூடிய பாட்டிலைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய், பையோடு பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தாள். எட்ட நின்று திரையைப் பார்த்தாள். சுத்தமான தண்ணீரின் கோடு தட்டையாகப் படுத்தே கிடந்தது. அடுத்தது கிணறு.

ஒரு முடிவு: கிணற்றின் கோடும் எழும்பவில்லை. அவள் கழிப்பறையில் போய் அழுகிறாள். (அப்படியானால் இவ்வளவு நேரம் உங்களைப் பயமுறுத்தியது என் கை மட்டும்தான்.)

இன்னொன்று: எழும்புகிறது. அவள் வீட்டுக்கு ஓடி மூடியைப் பிடுங்கி எறிகிறாள். வெயில் உள்ளே விழுகிறது. பிள்ளையும் ஒருநாள் அங்கே தவழ்ந்து... (முடியாது. இதை நான் எழுத மாட்டேன்.)

இன்று காலையும் களிம்பு தடவித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கையால் எதை எழுதினாலும் அதில் மருந்து இருக்கும். கிணற்றின் கோட்டை நீங்கள் போடுங்கள். போடுமுன், கடைசியாக உங்களுக்கு எங்கே வலித்தது, என்ன தடவினீர்கள், கையை எங்கே கழுவினீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம். முடிவோடு அவள் திரும்பி வரும் பேருந்து தெருமுனைக்கு வந்துவிட்டது. நாத்தனார் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள்.