எங்க பசங்க

"எனக்குப் பசிக்கல, டீச்சர்" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள் மகள்.

டீச்சரின் கை அப்படியே நின்றது. பள்ளியில்தான் அவள் டீச்சர். வீட்டு வாசல்படி ஏறினால் அம்மா. ஒன்பதாம் வகுப்பில் மகள் தன் மாணவியாக வந்தபோது இருவருமாகப் பேசிவைத்த ஏற்பாடு அது.

"வீட்டுல என்னடி டீச்சர்?"

"காலையில ஸ்கூலைப் பார்க்க வந்த அதிகாரிகிட்ட 'எங்க பசங்க செஞ்சது சார்'னு சொன்னீங்களே, அந்தப் பசங்கள்ல நான் உண்டா?"

"பசங்கன்னா எல்லாரும்தான்."

"அப்புறம் ஏன் என்னைப் பூச்செண்டோட வாசல்ல நிக்க வெச்சீங்க?"

பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் இருந்த அப்பா நடுவில் புகுந்தார். "செஞ்ச மணி அடிச்சுதா இல்லையா? யாரு அடிச்சா என்ன, விடுங்க."

மகள் எழுந்து போய்விட்டாள்.

அந்த மின்சார மணியைச் செய்தது அவள்தான். இரும்பு ஆணியில் கம்பியைச் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றி, விரல்நுனியெல்லாம் கொப்புளம். அதிகாரி வருவதற்குச் சற்று முன்பு தலைமையாசிரியர் ஆய்வுக்கூடத்தில் எட்டிப் பார்த்தார். அவர் குரலுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சைரன். "பொண்ணு பயந்து உளறிட்டா மானம் போயிடும் டீச்சர். நல்லா உயரமா ஒரு பையனை நிறுத்துங்க. பொண்ணுங்க வரவேற்கட்டும்."

"சரி சார்" என்றாள் டீச்சர். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. இப்போது நெஞ்சை அறுத்தது அதுதான்.

மணி விடாமல் அடிப்பது எப்படி என்று அதிகாரி கேட்டார். பையன் விழித்தான். "கரண்ட் வருது சார்." அதிகாரி சிரித்து அவன் முதுகில் தட்டினார். "வருங்கால என்ஜினியர்!" யார் செய்தது என்ற கேள்விக்குப் பாவம், அந்தப் பையன்கூட டீச்சர் முகத்தைத்தான் பார்த்தான். உண்மையைச் சொல்ல அவனுக்கு மனசிருந்தது. டீச்சர்தான் முந்திக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் மணியைத் துண்டு துண்டாகக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"யாரு இதை மறுபடி மாட்டுறது?"

பையன்கள் பக்கம் கைகள் சட்டென்று எழுந்தன. பெண்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட டீச்சருக்கு முகமில்லை. எல்லாத் தேர்விலும் முதலாவதாக வரும் பெண்ணை அழைத்தாள்.

அந்தப் பெண் வந்தாள். துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள். கம்பிகளை அழகாக வரிசைப்படுத்தினாள். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"ரெடி டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க ஏதும் இருப்பதாக அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. டீச்சருக்குக் காது மடல் எரிந்தது.

"நீதாம்மா செய்யணும்."

"தப்பாயிட்டா?"

"ஆகட்டும்."

அவள் இரண்டு கம்பியையும் பேட்டரியின் ஒரே முனையில் மாட்டினாள். மணி அடிக்கவில்லை. 'பரவாயில்லம்மா, போய் உட்காரு' என்பது டீச்சரின் நாக்குநுனி வரை வந்துவிட்டது. பையன்கள் தவறும்போது அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. 'யோசிடா, வரும்' என்பாள். இத்தனை வருஷமாக அதைப் பெண்பிள்ளைகள்மேல் வைத்த கருணை என்றே நினைத்திருந்தாள்.

"யோசி. வரும்."

அந்தப் பெண் ஒரு கம்பியைக் கழற்றினாள். வாசலில் சைரன். "என்ன டீச்சர், சத்தத்தையே காணோம்? பாடம் நடக்கலையா?"

"நடக்குது சார்" என்றாள் டீச்சர், திரும்பாமலே. "பொண்ணுங்க பக்கத்துக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

மகள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அந்தப் பார்வையை நிமிர்ந்து வாங்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை.