ரோட்டோர நிரை யாருக்கு?

1

இந்தக் கதை என்னுடையதல்ல, ஒட்டுக்கேட்டது. ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் யாருக்கோ போனில் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி பஸ் கேட்டது. முக்கியமான இடத்தில் வளைவு வந்தது, சிக்னல் போனது. அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கலாம்தான். கேட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும்.

ஆகவே மிச்சத்தை நான் எழுத வேண்டியிருக்கிறது. தொடங்கிப் பார்க்கிறேன்.

பனி மூடிய பச்சை மலைகளின் மடியில், விடியலின் வெள்ளிக் கீற்று

[வேண்டாம். அந்த மடியில் ரத்தம் குடிக்கும் அட்டை இருக்கிறது. இப்படி எழுதுகிறவர்கள் ஹோட்டல் ஜன்னலில் இருந்து மலையைப் பார்த்தவர்கள்.]

2

காலையில் தோட்டத்துப் பெண்கள் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். யாருக்கு எந்த நிரை என்று கங்காணி அங்கேதான் பிரித்துக் கொடுப்பார். நிரை என்றால் ஒருவர் கொழுந்து எடுத்துக்கொண்டே போக வேண்டிய தேயிலை வரிசை. ரோட்டோர நிரை கிடைத்தால் சுகம். கொழுந்து நிறுக்கும் இடம் பக்கம். கானோர நிரை, அதாவது வடிகால் பக்கம், கிடைத்தால் சேறு, வழுக்கல், அட்டை. மாயாண்டி கங்காணி ரோட்டோரத்தை எப்போதும் தன் மச்சினிச்சிக்கே கொடுத்தார். ஒருநாள் சண்டை வந்தது.

சண்டையின் நடுவில் ஜீவராணி வாயைத் திறந்தார். [திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லது. எனக்குக் கதை இல்லை.]

"எம் மக கம்பியூட்டர் கோர்ஸ் முடிச்சிருக்கா. போன்லயே குலுக்கிப் போட்டுருவா. யாருக்கும் ஓரவஞ்சன இல்ல."

மாயாண்டி சிரித்தார். "போடட்டுமே. கொஞ்ச நாளைக்குப் பாப்போம். சரிவரலேன்னா நான் குடுக்குறதத்தான் வாங்கணும். அப்புறம் ஒருத்தியும் வாயத் தொறக்கப்படாது."

3

மகள் சர்மிளா ஹட்டனில் ஒரு கடையில் பில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதற்கான கணினி நிரலை எழுதினாள். பெயர்களைக் கொடுத்தால் கலைத்து அடுக்கும். முதல் பெயருக்கு ரோட்டோரம், கடைசிப் பெயருக்குக் கானோரம்.

முதல் காலை: முதலில் ஜீவராணி, கடைசியில் அழகம்மா. கை தட்டினார்கள். மறுநாளும் ஜீவராணி, அழகம்மா. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள், சர்மிளா போனைத் திறக்கு முன்பே அழகம்மா கானோரம் போய் நின்றுவிட்டார்.

"அத்தே, இன்னும் பேரே வாசிக்கலயே!"

"வாசிச்சு என்ன ஆகப்போகுது, புள்ள? கங்காணிகிட்ட கோவிச்சுக்கிட்டா ஒரு நாளாச்சும் மாத்திக் குடுப்பாரு. ஒம் போன்கிட்ட கோவிச்சுக்கிட்டா சார்ஜுதான் எறங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள், ஜீவராணியைத் தவிர. அவர் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால் அங்கே பேச்சு நின்றது.

4

[கொஞ்சம் பாடம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் குற்றவாளி இங்கேதான் ஒளிந்திருக்கிறான்.]

கணினிக்குக் குலுக்கத் தெரியாது. நிரல்மொழியோடு கூடவே ஆயத்தக் கருவிகள் அடங்கிய ஒரு நூலகம் வரும். அதில் 'ரேண்டம்' என்று ஒன்று. அதனிடம் ஓர் எண்ணைக் கொடுத்தால், பெருக்கி, கூட்டி, வகுத்து, மீதியை எடுத்து அடுத்த எண்ணைச் செய்யும், அதிலிருந்து அதற்கடுத்தது. பார்த்தால் தாறுமாறு, உள்ளே வெறும் கணக்கு. முதலில் கொடுக்கும் எண்ணுக்கு விதை என்று பெயர். ஒரே விதையைப் போட்டால், எத்தனை தரம் ஓட்டினாலும் ஒரே வரிசைதான் வரும்.*

எழுதும்போது சரிபார்க்க வசதியாக இருக்கட்டும் என்று சர்மிளா 7 என்ற எண்ணை விதையாகப் போட்டிருந்தாள். எடுக்க மறந்துவிட்டாள். அவ்வளவுதான்.

* தேயிலை விதையை வைத்து இங்கே ஓர் உவமை எழுதினேன். விதையில் முளைத்த தேயிலை செடிக்குச் செடி வேறாக வளரும் என்பது பிறகு ஞாபகம் வந்தது. அடித்துவிட்டேன்.

5

வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்கு உறைத்தது. அந்த 7 என்ற விதையைத் தூக்கிவிட்டு, கடிகார நேரத்தையே விதையாக வைத்தாள். மறுநாள் மழை. களத்தில் நின்று நடந்ததைச் சொன்னாள். "இனிமே ஒவ்வொரு நாளும் மாறும். இப்பப் பாருங்க."

அழுத்தினாள்.

முதலில் ஜீவராணி. கடைசியில் அழகம்மா.

[இது என் வேலையில்லை. பஸ்ஸில் அந்தப் பெண் அப்படித்தான் சொன்னார். ஒழுங்கான குலுக்கலில் இதுவும் வரும். வரக்கூடாது என்று சட்டமில்லை.]

களமே சிரித்தது. ஜீவராணிக்கு முகம் கறுத்தது. "எனக்கு அந்த நிரையே வேணாம்டி. அழகம்மாவுக்குக் குடுத்துரு."

"இப்ப மாத்துனா களவு செஞ்சோம்னு ஆயிரும்மா."

மாயாண்டி குடையை விரித்தார். "அப்ப பழையபடி நானே குடுக்கவா?"

யாரும் எதிர்பாராமல் மறித்தவர் அழகம்மா. "இருங்க கங்காணியாரே. ஒங்க மச்சினிச்சி சொகமா இருக்கவா இவ்வளவு சண்ட போட்டோம்? ஏ புள்ள, இந்தக் கடிகாரமெல்லாம் வேணாம். இங்க யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு ஆளு ஒரு நம்பரச் சொல்லட்டும். அதப் போட்டுக் குலுக்கு. அட்டையே வந்தாலும் நான் வாயத் தொறக்கல."

நல்ல யோசனை. ஆனால் யார்? பஸ் டிரைவர் கங்காணிக்கு மச்சான். வாத்தியாருக்கு மதியச் சாப்பாடு ஜீவராணி வீட்டில். தேத்தண்ணிக் கடைக்காரர் அழகம்மாவின் தம்பி.

இங்கேதான் சிக்னல் போனது.

6

அழகம்மாவுக்கு ரோட்டோரம் என்று முடிக்கலாம். நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அது நான் கொடுத்த நிரை. மறுபடியும் ஜீவராணிதான் என்று முடித்தால் சிரிப்பீர்கள். அதுவும் நான் கொடுத்ததே. மாயாண்டி மனம் திருந்தி, கண்கலங்கி

[இல்லை. எனக்குக் கங்காணிமாரைத் தெரியும்.]

எப்படி எழுதினாலும் நான் பார்ப்பது கங்காணி வேலைதான். போதாததற்கு, எழுத எழுத ஜீவராணி மேல் பாசம் வேறு வந்துவிட்டது. நானும் சம்பந்தப்பட்ட ஆளாகிவிட்டேன்.

நீங்கள் அப்படியில்லை. உங்களுக்கு இந்தத் தோட்டத்தில் யாரும் உறவில்லை. மாயாண்டி உங்களுக்கு மச்சானில்லை [என்று நம்புகிறேன்]. சர்மிளா போன் நனையாமல் துப்பட்டாவால் மூடிப் பிடித்திருக்கிறாள். கீழே ரோட்டில் அவளுடைய பஸ் ஹாரன் அடிக்கிறது. ஜீவராணி தலையைக் குனிந்து நிற்கிறார். அழகம்மா, பழக்கதோஷம், பாதி உடம்பைக் கானோரம் திருப்பியாயிற்று.

ஓர் எண் சொல்லுங்கள். ஏழு மட்டும் வேண்டாம்.